பாடம் செய்தவர் யார்?

நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கல்வெட்டுகளையும் நாணயங்களையும் விரைந்து கடந்து செல்லும் பிள்ளைகள், பாடம் செய்யப்பட்ட விலங்கொன்றின் முன்னே வந்ததும் நின்றுவிடுகின்றனர். அதன் கண்ணாடிக் கண்கள் தம்மையே நோக்குவதாக எண்ணிச் சிறியோர் பின்வாங்குவர். துணிந்தோர் மயிரைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவர். "இதைச் சுட்டது யார்?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் வினா. உலகின் பெரிய நூதனசாலைகள் பலவற்றில் அவ்வினாவுக்கு விடை அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். விலங்கின் பெயர், அது கொல்லப்பட்ட இடம், ஆண்டு, அதனை அளித்த கனவானின் பெயர் ஆகியன அப்பலகையிலே காணப்படும். ஆயின் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. வெப்ப நாட்டிலே மாண்ட விலங்கு மறுநாளே அழுகி நாறத் தொடங்குமன்றோ? அதனை நூறாண்டு நிற்கச் செய்தவர் யார்?

தமிழிலே இத்தொழிலுக்கு வழங்கும் சொல் பொருள் நிறைந்தது. தோலைப் 'பாடம் செய்தல்' என்கின்றோம். புகையிலையைப் 'பாடம் செய்தல்' என்றும் கூறுகின்றோம். கெடும் பொருளைக் கெடாமற் பதப்படுத்துவது அச்சொல்லின் கருத்து. நமது வகுப்பறைகளிலே ஒலிக்கும் 'பாட'மும் அதே வடிவினதே. பாடம் செய்யப்பட்ட விலங்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அத்தொழிலின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். பாடம் செய்தல் என்றதும் நகரத்துத் தொழிற்கூடமும், களிமண் உருவமும், தையல் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், விலங்கு விழுந்த இடத்திலே, அது விழுந்த சில மணி நேரத்திலேயே அதன் கதி நிர்ணயிக்கப்படுகின்றது. உயிர் போனபின்னும் உடலிற் சூடு தங்கியிருக்கும், அச்சூட்டிலே கிருமிகள் பெருகும், தோல் கெடத் தொடங்கும், மயிர்க்கால்கள் இளகும். இளகிய மயிர் பின்னர் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். அதனை மீண்டும் நிலைபெறச் செய்யும் கலைஞன் எந்நகரத்திலும் இல்லை.

ஆகவே விலங்கைத் தரையிலே இழுத்தல் ஆகாது, மயிர் தேய்ந்துவிடும். நிழலுக்குக் கொண்டு சென்று, தோலை உரிப்பதற்கு முன்னர் அளவெடுத்தல் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலடி வரையுள்ள நீளம், தோளின் உயரம், மார்பின் சுற்றளவு, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். உரித்த தோல் நீளவும் சுருங்கவும் கூடியது. எலும்பும் தசையும் இருந்தபோது எடுத்த அளவே பின்னர் உருவம் சமைப்போனுக்கு வழிகாட்டி. அதன்பின் கத்தி தொழிற்படும். முழு உருவத்தை நிறுத்துவதாயின் வயிற்றின் நடுவேயும் கால்களின் உட்புறமாகவும் கீறுவர். தையல் கண்ணுக்குத் தோன்றலாகாது என்பதே காரணம். தலையை மட்டும் பாடம் செய்வதாயின் தோளுக்குப் பின்னே சுற்றிக் கீறி, பிடரியின் மேலாகக் கொம்பின் அடிவரை செல்வர். தொண்டையில் கத்தி படலாகாது. அனுபவமில்லாதோர் வழக்கம்போலக் கழுத்தை அறுத்துவிட்டு, நல்ல தலையைப் பாழாக்கியமை எண்ணற்ற முறை நிகழ்ந்ததுண்டு.

காதைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உட்புறம் வெளியாகத் திருப்புதல், உதட்டைப் பிளந்து உள்ளிருக்கும் தசையை அகற்றுதல், இமையும் நாசியும் கிழியாமல் வழித்தெடுத்தல் ஆகியனவே மிகக் கடினமானவை. பின்னர் உப்பு. பருங்கல்லாக இருக்கும் உப்பு உதவாது, பொடியுப்பே வேண்டும். ஊன் ஒட்டியிருந்த பக்கம் முழுவதும் அதனைத் தேய்த்தல் வேண்டும். ஒரு நாணயத்தின் அளவான இடம் தவறினாலும் அவ்விடத்திலே மயிர் உதிரும். தோலை மடித்து வைத்து, நீர் வடிந்தபின் மறுமுறையும் உப்பிட்டு, காற்றோட்டமான நிழலிலே உலர்த்துவர். வெயிலிலே விரித்தால் கொழுப்பு உருகித் தோலை எரித்துவிடும். யானை போன்ற விலங்காயின், ஓர் அங்குலம் வரை தடித்த அதன் தோலினுள் உப்பு ஊறாது. பலர் கூடியிருந்து, உட்புறத்தைக் கத்தியாற் சீவிச் சீவி மெலிதாக்குதல் வேண்டும். அழுகலோ காத்திருப்பதில்லை, ஆகையால் களைத்தவர்க்கும் உறக்கமில்லை.

எறும்பு, ஈ, வண்டு ஆகியவற்றின் தொல்லை வேறு. அவற்றைத் தடுக்க ஐரோப்பியர் கையாண்ட முறைகளுள் ஒன்று பாஷாணச் சவர்க்காரம். 18ஆம் நூற்றாண்டிலே பிரான்சின் மெட்சு நகரைச் சேர்ந்த பெக்கோர் என்னும் மருந்தாளர் அதனை உருவாக்கினார். பறவைத் தோலும் விலங்குத் தோலும் அதனால் நிலைத்தன. அதனைப் பூசிய கைகளுக்கோ அது நஞ்சு. பழைய மாதிரிகளை இன்றும் நூதனசாலைப் பணியாளர் கையுறை அணிந்தே தொடுகின்றனர். வெறுங்கையுடன் அதனைத் தேய்த்தவர்களைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இத்தகைய திறனும் பொறுமையும் வேண்டிய தொழிலைச் செய்தோர் யாவர்? வரலாற்றிலே மூன்று சந்தர்ப்பங்களை நோக்குவோம்.

முதலாவது எடின்பரோ நகரில் நிகழ்ந்தது. 1826ஆம் ஆண்டு அங்கு மருத்துவம் பயின்றுகொண்டிருந்த சார்ள்ஸ் டார்வின், பறவைகளைப் பாடம் செய்யக் கற்க விரும்பினார். இரண்டு மாதம் நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்பிக்க ஒரு கினி மட்டுமே கூலியாகக் கேட்டார் ஒரு கறுப்பின ஆசிரியர். அவர் பெயர் ஜோன் எட்மன்ஸ்டன். தென்னமெரிக்காவின் டெமரராவிலே, சார்ள்ஸ் எட்மன்ஸ்டன் என்னும் தோட்ட முதலாளியின் அடிமையாக இருந்தவர். அம்முதலாளியின் நண்பரும் ஊர்சுற்றி இயற்கை ஆய்வாளருமான சார்ள்ஸ் வாட்டர்ட்டன் அவருக்கு இத்தொழிலைப் பயிற்றினார். பின்னர் முதலாளியோடு ஸ்கொத்லாந்துக்கு வந்து, விடுதலை பெற்று, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் நூதனசாலைத் தொழில் பார்த்தார். அவர் தம் பெயரின் பின்னே தாங்கியதும் முதலாளியின் பெயரே.

வாட்டர்ட்டன் 1825இல் வெளியிட்ட தமது பயண நூலிலே, தாம் கற்பித்த ஜோன் மந்தபுத்தியினன் என்றும், அவனுக்கு எதனையும் புகட்டுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது என்றும் எழுதினார். அந்நூல் வெளிவந்த மறுவருடமே அதே ஜோனிடம் மாணவராகச் சேர்ந்த டார்வினோ, அவர் தொழிலில் மிகத் தேர்ந்தவர் என்றும், உடனிருந்து பேசுவதற்கு இனியவர், அறிவாளி என்றும் தமது சுயசரிதையிலே நினைவுகூர்ந்தார். ஒரே மனிதனைப் பற்றி இரு கூற்றுகள்! முன்னது அடிமையைக் கண்டவர் கூற்று. பின்னது ஆசிரியரைக் கண்டவர் கூற்று. ஆயினும் டார்வினும் அவர் பெயரைக் குறிப்பிட்டாரில்லர். வாட்டர்ட்டனோடு பயணஞ்செய்த ஒரு கறுப்பர் என்றே எழுதினார். அக்கறுப்பர் ஜோன் எட்மன்ஸ்டனாதல் வேண்டும் என்பதை ஆய்வாளர் ஒருவர் நிறுவியது 1978இல். டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலிலே உலகைச் சுற்றியபோது, பறவைத் தோல்களைக் கெடாமல் ஊருக்கு அனுப்ப உதவிய கல்விக்கு அடிப்படை, ஓர் முன்னாள் அடிமை அவருக்குக் கற்பித்த பாடம் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது சந்தர்ப்பம் மலாய்த் தீவுக் கூட்டத்திலே நிகழ்ந்தது. இயற்கைத் தெரிவுக் கொள்கையை டார்வினைப்போன்று தாமாகவே கண்டறிந்த அல்பிரட் ரசல் வாலஸ், 1854 முதல் 1862 வரை அத்தீவுகளிலே திரிந்து 125,660 மாதிரிகளைச் சேர்த்தார். அவற்றுள் பறவைகள் 8,050. வாலஸ் செல்வந்தரல்லர். மாதிரிகளை விற்றே அவர் வாழ்ந்தார். ஆகவே தோல் கெட்டால் ஆராய்ச்சி மட்டுமன்றிச் சோறும் கெடும். 1858இல் நியூகினியாவின் டோரியிலே தங்கியிருந்தபோது, எறும்புகள் வீட்டையே கைப்பற்றிக்கொண்டு கண்ணெதிரிலேயே பூச்சிகளை இழுத்துச் சென்றன. உலரவைத்த பறவைத் தோல்களிலே ஈக்கள் மொய்த்து முட்டையிட, ஒரு நாள் கவனியாதுவிட்டால் மறுநாள் இறகுகளிடையே புழுக்கள் நெளிந்தன என அவர் எழுதுகின்றார்.

இத்துன்பங்களிலே அவருக்குத் துணைநின்றவன் சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞன். 1855இல் பணியாளனாகச் சேர்ந்த அவன், சமையலோடு நில்லாது சுடவும், தோலுரிக்கவும், படகு செலுத்தவும் கற்றுத் தேர்ந்தான். வாலஸின் பறவைகளிலே பெருந்தொகையானவை அலியின் கைப்பட்டவை எனப் பிற்கால ஆய்வாளர் கணிக்கின்றனர். 1858இல் பச்சான் தீவிலே, அதுவரை அறிவியலுலகம் அறிந்திராத சொர்க்கப் பறவை ஒன்றைச் சுட்டு இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்து, "இதைப் பாருங்கள்" என்று காட்டியவன் அலியே. அப்பறவை இலண்டனுக்குச் சென்றது. 1859இல் அறிவியற் பெயர் பெற்றது. பெயரோ வாலஸின் பெயர். தமது பணியாளனை வாலஸ் மறந்தாரில்லர்; அவனைப் பற்றி அன்போடு எழுதினார்; சிங்கப்பூரிலே பிரியும்போது அவனுக்குப் படமும் பிடிப்பித்தார். தனிமனிதரின் நன்றியுணர்வு குறைந்ததன்று. ஆயின் அறிவியலின் பதிவேட்டிலே அந்நன்றிக்கு இடமில்லாதிருந்தது. 'சேகரித்தவர்' என்ற நிரலிலே எழுதப்பட்டது ஒரே பெயர்.

மூன்றாவது சந்தர்ப்பம் இவையிரண்டிலும் பெரிது. ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பதவியிலிருந்து 1909 மார்ச்சில் விலகிய தியடோர் ரூஸ்வெல்ட், அதே மாதம் கப்பலேறி, ஏப்பிரிலில் மொம்பாசாவில் இறங்கினார். வாஷிங்டன் சிமித்சோனியன் நிறுவனத்துக்கு மாதிரிகள் சேர்த்தல் பயணத்தின் நோக்கமெனக் கூறப்பட்டது. மகன் கெர்மிட்டும், மேர்ன்ஸ், ஹெல்லர், லோரிங் என்னும் மூன்று இயற்கை ஆய்வாளரும் உடன்சென்றனர். உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னகி போன்றோர் பொருளுதவி செய்தனர். பயணக் கட்டுரைகளுக்காக ஒரு பதிப்பகம் ரூஸ்வெல்ட்டுக்கு அளித்த தொகை 50,000 டொலர். இவர்களோடு இருநூறுக்கு மேற்பட்ட ஆபிரிக்கச் சுமையாளரும், துப்பாக்கி தாங்குவோரும், காவலரும், தோலுரிப்போரும் நடந்தனர்.

அவ்வணி கொண்டுசென்ற பொருள்களுள் ஒன்றை இங்கு சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும்: தோல்களைப் பதப்படுத்த 4 தொன் பொடியுப்பு! ஆபிரிக்கச் சுமையாளன் ஒருவன் தலையிலே தாங்கும் சுமை ஏறத்தாழ 60 இறாத்தல் என்பது அக்கால வழக்கு. கணக்கிட்டுப் பார்த்தால் 130 தலைச்சுமைக்கு மேலாகின்றது அவ்வுப்பு. புகைவண்டியும் எருது வண்டியும் உதவிய இடங்கள் உண்டு. அவை செல்லாத இடத்தில் மனிதத் தலையே வண்டி. போகும்போது உப்பு, மீளும்போது உப்பேறிய தோலும் எலும்பும். வேட்டையின் வீரக் கதைகளிலே துப்பாக்கியின் விட்டம் துல்லியமாகக் கூறப்படும். இவ்வுப்புச் சுமையின் எடையை நாமே கணக்கிட்டு அறிய வேண்டியிருக்கின்றது.

1910 மார்ச்சில் கார்த்தூமை அடைந்து பயணம் முடிந்தது. ரூஸ்வெல்ட் அவ்வாண்டே வெளியிட்ட நூலிலே, துப்பாக்கியால் வீழ்த்திய பெருவிலங்குகளின் பட்டியலொன்று உண்டு. தந்தை 296, மகன் 216, ஆக 512. விலங்கின் பெயருக்கு எதிரே தந்தைக்கு ஒரு நிரல், மகனுக்கு ஒரு நிரல். மூன்றாம் நிரல் இல்லை. சுடுதற்குச் சில கணங்கள் போதும். சுட்ட ஒவ்வொன்றையும் நூதனசாலைக்குரிய பொருளாக்க மணிக்கணக்கான, சிலவேளை நாட்கணக்கான உழைப்பு வேண்டும். கணங்களுக்குப் பட்டியல் உண்டு. நாள்களுக்குப் பட்டியல் இல்லை. இதுவே நாம் சுட்டிக்காட்ட விரும்பும் உண்மை.

நீதியோடு பேசுவதாயின், ஹெல்லர் போன்றோர் தாமும் கைகளிலே இரத்தம் படிய உழைத்தவர்களே என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அளவெடுக்கும் முறையும், உப்பிடும் முறையும் அவர்களாற் கற்பிக்கப்பட்டனவே. ஆயினும் கற்பித்தவன் மட்டும் அறிஞன், கற்றுச் செய்தவன் வெறுங்கூலி என்று பிரிப்பது எந்த அளவுகோலால்? யானைத் தோலின் எவ்விடத்திலே கத்தி ஆழமாகச் செல்லலாம், எவ்விடத்திலே செல்லலாகாது என்பதைக் கையினால் அறிந்தவனுடைய அறிவும் அறிவேயாகும். அதனை எழுத்திலே வடிக்க அவனுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதே வேறுபாடு. குடியேற்ற ஆட்சியின் துப்பாக்கி நிலத்தைக் கைக்கொண்டதுபோலவே, அதன் பதிவேடு உழைப்பையும் கைக்கொண்டது.

இவ்விடத்திலே ஓர் எதிர்வாதம் எழலாம். கொல்லத்தகாத விலங்குகளைக் கொன்ற செயலிலே பங்கு கேட்பது பெருமையா? 1910இன் தொடக்கத்திலே லாடோ பிரதேசத்தில் அவ்வணியினர் அருகிவந்த வெண்காண்டாமிருகங்களில் ஒன்பதைச் சுட்டனர். அவ்வடபகுதி இனத்தின் கடைசி ஆண் 2018இலே கென்யாவில் மாண்டது. தோல் நூதனசாலையிலே இருக்க, இனம் மறைகின்றது. இதனை எண்ணும்போது வேட்டையின் புகழிலே எவருக்கும் பங்கு தேட நாம் விழையோம். நாம் கேட்பது புகழ்ப் பங்கன்று. வரலாற்றின் முழுக் கணக்கு. யார் ஆணையிட்டார், யார் பொருளளித்தார், யார் சுட்டார், யார் சுமந்தார், யார் உரித்தார் என்பன யாவும் எழுதப்பட்டாலன்றிக் குற்றத்தையும் சரியாகப் பகிர இயலாது, அறிவையும் சரியாக மதிக்க இயலாது.

இதனைப் படித்து, வெள்ளையரைக் குறைகூறிவிட்டு நாம் அமைதியடைதலும் தகாது. பிரித்தானிய இந்தியாவின் வேட்டை முகாம்களிலே துரையோ மகாராசாவோ புலியின்மேற் காலூன்றிப் படம் பிடித்துக்கொண்டபின், தோலை உரிக்கச் சாமர் முதலிய தோற்றொழிற் சாதியினரே அழைக்கப்பட்டனர். அவர்கள் உரித்து உப்பிட்ட தோல்கள் மைசூர் போன்ற இடங்களுக்குச் சென்றன. அங்கு வான் இஞ்சன் குடும்பத்தினர் 1900ஆம் ஆண்டளவிலே தொடங்கி 1999 வரை நடத்திய தொழிற்கூடத்திலே பல்லாயிரம் புலிகளும் சிறுத்தைகளும் மீண்டும் உருப்பெற்றன. காட்டிலே கெட்டதைக் கூடத்திலே திருத்த இயலாது என்பது அத்தொழிலின் முதல் விதி. எனினும் காட்டிலே கெடாமற் காத்தவனுக்கு ஊருள்ளே இடமில்லை. உரித்த தோல் மாளிகையின் கூடத்திலே விரிக்கப்பட்டது. உரித்தவன் அக்கூடத்தின் வாயிலையும் மிதிக்கலாகாது. நம்மவர் நிலை வேறா? இறந்த மாட்டின் தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என ஒதுக்கிய அதே சமுதாயம், அத்தோல் போர்த்த பறையை முழக்கியே தன் சடங்குகளை நடத்தியது. குடியேற்றவாதி பதிவேட்டிலே செய்த மறைப்பை, நாம் சாதியினாற் செய்தோம்.

இன்று அப்பழைய பெயர்களைத் தேடும் முயற்சி தொடங்கியுள்ளது. எட்மன்ஸ்டனைப் பற்றியும் அலியைப் பற்றியும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. நாட்குறிப்பு, கூலிக் கணக்கு, மாதிரியிலே கட்டிய சிறு அட்டை ஆகியவற்றிலிருந்து உழைத்தோர் பெயர் ஒவ்வொன்றாக வெளிவருகின்றது. இது வரவேற்கத்தக்கது. ஆயின் பெயர் கிடையாதோர் தொகையே பெரிது. பெயர் கிடையாவிடினும் உழைப்பு நிகழ்ந்தது என்பதைச் சொல்லும் கடமை வரலாற்றாசிரியனுக்கும் வகுப்பறை ஆசிரியனுக்கும் உண்டு.

1907ஆம் ஆண்டிலே தோமஸ் பாபர் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தே தீவுக்குச் சென்றார். அங்கே முதியவர் ஒருவர் அவரை அணுகி, தம்மை 'அலி வாலஸ்' என்று அறிமுகஞ் செய்துகொண்டார் எனப் பாபர் பின்னர் எழுதிவைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் தாம் சுட்டு உரித்த பறவைகள் எங்கோ தூரத்து நகரத்திலே வேறொருவர் பெயரோடு இருந்தன. அவர் செய்தது யாது? தம் உழைப்பின்மேல் ஒட்டப்பட்ட அப்பெயரைத் தாமும் எடுத்துத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அது விசுவாசமா, உரிமைக் குரலா என்று எவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, "இதைச் சுட்டது யார்?" என்று அவர்கள் கேட்டால் பலகையைக் காட்டுவோம். பின்னர் நாமே அவர்களைக் கேட்போம்: "இதன் காதை உள்வெளியாகத் திருப்பி உப்பிட்டது யார்?" பலகையிலே விடை இராது. இல்லாத அவ்விடத்தை அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வார்களாயின், அன்றைய பாடம் நடந்தது எனலாம்.